இயந்திரம் நின்ற பிறகும் ஒன்பது ஆண்டுகள்

கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடக்கிறார் என்றால், வெளியே நாற்காலிகளில் காத்திருக்கும் உறவினர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் இப்படிச் சொல்வார்: "நம்ம வேதத்துல மிஷினை எடுக்கக் கூடாது. எடுத்தா அது கொலைப் பாவம்." சொல்பவரின் நல்லெண்ணத்தில் குறை காண முடியாது. மற்ற சமயத்தவர்களும் கத்தோலிக்கர்களைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கருக்கலைப்பு கூடாது என்கிறது திருச்சபை. கருணைக் கொலை கூடாது என்கிறது. அப்படியானால் கடைசி நொடி வரை இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதானே சொல்லும்?

இல்லை. வரலாறு வேறு விதமாக இருக்கிறது. அதை உலகமே அறியும்படி செய்தது அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழ்ந்த ஒரு சாதாரணக் குடும்பம்.

அந்தக் குடும்பத்தின் மூத்த மகள் கேரன் ஆன் குவின்லன். 1954-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் பிறந்தவர். சில வாரக் கைக்குழந்தையாக இருந்தபோதே ஜோசப் குவின்லன், ஜூலியா குவின்லன் தம்பதியர் அவரைத் தத்தெடுத்தார்கள். பிறகு அவர்களுக்கு மேரி எலன் என்ற மகளும் ஜான் என்ற மகனும் பிறந்தார்கள். ஜோசப் மருந்து நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஜூலியா தங்கள் பங்குத் தேவாலயத்தின் அலுவலகச் செயலாளர். அந்தத் தேவாலயத்தின் பங்குத்தந்தை ஃபாதர் தாமஸ் டிரப்பாசோ, அந்தக் குடும்பத்தின் நெருங்கிய நண்பர்.

1975-ஆம் ஆண்டு ஏப்ரல் நடுவில் ஓர் இரவு, 21 வயதுக் கேரன் நண்பரின் பிறந்தநாள் விருந்துக்குப் போனார். மதுவும் மன அமைதிக்கான மாத்திரைகளும் உடலுக்குள் போயிருந்தன. மயங்கி விழுந்தவரைப் படுக்க வைத்தார்கள். சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது மூச்சு இல்லை. குறைந்தது இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் அளவுக்கு மூச்சு நின்றிருக்க வேண்டும் என்று பின்னர் மருத்துவர்கள் கணித்தார்கள். முதலில் நியூட்டன் நகர மருத்துவமனை. அங்கிருந்து டென்வில் நகரின் செயிண்ட் கிளேர்ஸ் மருத்துவமனை. அது கன்னியர் சபை நடத்திய கத்தோலிக்க மருத்துவமனை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவாச இயந்திரம் பொருத்தப்பட்டது. கேரன் கண் திறப்பார், மூடுவார், சில சமயம் ஓசை எழுப்புவார். ஆனால் யாரையும் அடையாளம் தெரியாது. மூளை முழுவதுமாகச் சாகவில்லை. நினைவுக்கும் சிந்தனைக்கும் உரிய பகுதி மீள முடியாதபடி சிதைந்துவிட்டது. உடல் சுருங்கி, கை கால்கள் மடங்கத் தொடங்கின.

தந்தையின் தயக்கம்

குடும்பத்தில் முதலில் உண்மையை ஏற்றுக்கொண்டவர் தாய் ஜூலியா. அடுத்து பிள்ளைகள். கடைசி வரை தயங்கியவர் தந்தை ஜோசப். மகள் எழுந்துவிடுவாள் என்று அவர் நம்பினார். இயந்திரத்தை எடுக்கச் சொன்னால் அது கடவுளின் இடத்தில் தான் போய் உட்கார்வதாகாதா என்ற பயமும் அவருக்கு இருந்தது.

இங்கேதான் ஃபாதர் டிரப்பாசோவின் பங்கு வருகிறது. ஒரு பாதிரியார் இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டில் ஒன்றைச் செய்வது சுலபம். 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று ஆறுதல் சொல்லிவிட்டு விலகிப் போகலாம். அல்லது இதைச் செய், இதைச் செய்யாதே என்று கட்டளை இடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்தார். திருச்சபை உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது என்பதை எடுத்துச் சொன்னார். குணமடைய வழியில்லாத நிலையில், அசாதாரணமான வழிகளைக் கொண்டு உயிரைப் பிடித்து வைக்க வேண்டிய கடமை கத்தோலிக்கருக்கு இல்லை என்று விளக்கினார். முடிவு மட்டும் அவர்களுடையது. மனப் போராட்டத்துக்கும் பிரார்த்தனைக்கும் பிறகு ஜோசப் ஒப்புக்கொண்டார். 1975 ஜூலை 31-ஆம் நாள் பெற்றோர் இருவரும் சுவாச இயந்திரத்தை அகற்ற அனுமதிக்கும் தாளில் கையெழுத்திட்டார்கள்.

ஃபாதர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்தா? அல்ல. அதற்கு அப்போதே 400 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது.

கோழியும் முட்டையும்

16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தவர் பிரான்சிஸ்கோ டி விட்டோரியா என்ற டொமினிக்கன் துறவி. உயிரைக் காத்துக்கொள்வது மனிதனின் கடமை. சரி, எந்த அளவுக்குக் கடமை? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அவர் சொன்ன உதாரணம் சமையலறையிலிருந்து வந்தது. கோழியும் கவுதாரியும் சாப்பிட்டால் இன்னும் 20 ஆண்டு வாழலாம் என்று வைத்தியர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி அதை வாங்கித் தின்றே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை, மற்றவர்களைப் போல முட்டையையும் சாதாரண உணவையும் சாப்பிட்டால் போதும் என்றார் விட்டோரியா. சாப்பிடாமலேயே பட்டினி கிடந்து சாவது பாவம். ஆனால் ஆயுளை நீட்டுவதற்காக எந்த விலையும் கொடுக்க யாரும் கடமைப்பட்டவரல்ல.

அதே நூற்றாண்டின் கடைசியில், 1595-இல், இன்னொரு டொமினிக்கன் துறவி டொமிங்கோ பான்யெஸ் இதற்கு ஒரு பெயரும் வைத்தார். சாதாரண வழி, அசாதாரண வழி. வழக்கமான உணவு, உடை, மருந்து சாதாரண வழி; அது கடமை. தாங்க முடியாத வேதனையையும் சக்திக்கு மீறிய செலவையும் கொண்டு வருவது அசாதாரண வழி; அதை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் காலை வெட்டி எடுக்கும் சிகிச்சை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், இவர்கள் ஏடு புரட்டிக்கொண்டு வெறும் வாதம் செய்யவில்லை என்பது விளங்கும்.

இவர்களுக்கெல்லாம் பிறகு வந்த கர்தினால் யுவான் டி லூகோ (1583–1660) சொன்ன உதாரணம் இன்னும் கூர்மையானது. ஒருவனைச் சுற்றித் தீ. கையில் கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீர் தீயை அணைத்துவிடும் என்றால் அவன் அதை ஊற்றியே ஆக வேண்டும். ஊற்றாமல் இருப்பது தற்கொலைக்குச் சமம். ஆனால் அந்தத் தண்ணீர் தீயை அணைக்காது, சாவைச் சிறிது நேரம் தள்ளிப்போட மட்டும்தான் உதவும் என்றால்? ஊற்ற வேண்டிய கடமை அவனுக்கு இல்லை என்றார் கர்தினால்.

இந்தப் பழைய வாதங்களுக்குப் பின்னால் நிற்பது மனித மாண்பு பற்றிய கத்தோலிக்கப் பார்வை. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன். ஆகவே அவன் உயிரைப் பறிக்க யாருக்கும் உரிமை கிடையாது. நோயாளி, ஊனமுற்றவர், நினைவற்றவர் என்ற காரணத்தால் அந்த மதிப்பு ஒரு துளியும் குறையாது. அதே சமயம், இந்த உலக வாழ்வின் நீளமே மனிதனின் உச்ச நன்மை என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் வேதசாட்சிகளைப் பீடத்தில் வைத்து வணங்க முடியுமா?

மருத்துவர் கேட்ட மூன்று கேள்விகள்

இயந்திரங்கள் வராத காலத்தில் இவையெல்லாம் குருமடத்துப் பாடங்களாகவே இருந்தன. 1952-இல் நிலைமை மாறியது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் ஒவ்வொருவராக இறந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்து வளர்ந்ததுதான். மாணவர்களின் கைகள் செய்த வேலையைப் பிறகு இயந்திரம் எடுத்துக்கொண்டது. கைகள் சோர்ந்துபோகும், இயந்திரத்துக்குச் சோர்வு கிடையாது. சிக்கல் அதனால்தான் வந்தது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகர மயக்க மருத்துவர் புருனோ ஹைட், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸிடம் மூன்று கேள்விகளை முன்வைத்தார். நம்பிக்கையே இல்லாத நோயாளிக்கும் இந்த இயந்திரத்தைப் பயன்படுத்துவது மருத்துவரின் கடமையா? பயன்படுத்திய பிறகு அகற்றலாமா? இயந்திரத்தால் இரத்த ஓட்டம் நடக்கும் நினைவற்ற ஒருவரை எப்போது இறந்தவராகக் கருதுவது?

1957 நவம்பர் 24-ஆம் நாள் திருத்தந்தை பதில் சொன்னார். இடத்துக்கும் காலத்துக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ற சாதாரண வழிகளைப் பயன்படுத்துவதுதான் கடமை. அதற்கு மேல் கட்டாயம் இல்லை. மருத்துவருக்கென்று நோயாளியின் விருப்பத்தை மீறிய தனி உரிமை எதுவும் கிடையாது. குடும்பத்தாருக்கு மிகையான சுமையாகும் நிலையில், மருத்துவர் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம். மருத்துவரும் அதற்கு இணங்கலாம். அதன் பிறகு வரும் மரணத்தைக் கருணைக் கொலை என்று சொல்ல முடியாது. மரணம் நிகழும் தருணம் எது என்ற மூன்றாவது கேள்விக்கு அவர் தந்த பதில் இன்னும் வியப்பானது: அதைத் தீர்மானிப்பது திருச்சபையின் வேலை அல்ல, மருத்துவரின் வேலை என்றார். அதே ஆண்டு பிப்ரவரியில், ஆயுள் சிறிது குறையக்கூடும் என்றாலும் வேதனையைத் தணிப்பதற்காக வலிநிவாரண மருந்து கொடுப்பதில் தவறில்லை என்றும் அவர் சொல்லியிருந்தார்.

ஃபாதர் டிரப்பாசோ ஜோசப்பிடம் எடுத்துச் சொன்னது இந்த 1957-ஆம் ஆண்டுப் போதனையைத்தான்.

கத்தோலிக்கரே எதிரெதிரே

கையெழுத்துப் போட்டும் இயந்திரம் அகற்றப்படவில்லை. டாக்டர் ராபர்ட் மோர்ஸ் மறுத்துவிட்டார், மருத்துவமனையும் மறுத்தது. கேரன் மூளைச்சாவு அடையவில்லை, இயந்திரத்தை எடுப்பது தொழில் மரபுக்கு ஒத்ததல்ல என்பது மருத்துவரின் நிலை. அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் ஒருபடி மேலே போய், அது கொலைக் குற்றமாகும் என்றார்கள். மருத்துவர்களைக் கல்நெஞ்சக்காரர்களாகப் பார்ப்பது நியாயமாகாது. வழிகாட்ட அன்று சட்டமும் இல்லை, முன் தீர்ப்பும் இல்லை.

குவின்லன் குடும்பம் நீதிமன்றம் போனது. அவர்களுக்காக வாதாடியவர் பால் ஆம்ஸ்ட்ராங் என்ற இளம் வழக்கறிஞர். இந்த ஒரு வழக்குக்காகத் தாம் பார்த்துவந்த சட்ட உதவி வேலையையே விட்டு வந்தவர். ஃபாதர் டிரப்பாசோ சாட்சிக் கூண்டில் ஏறித் திருச்சபையின் போதனையை விளக்கினார். விசித்திரமான காட்சி அது. நோயாளி கத்தோலிக்கர், பெற்றோர் கத்தோலிக்கர், மறுத்த மருத்துவமனையும் கத்தோலிக்க மருத்துவமனை. நவம்பர் 1-ஆம் நாள் பேட்டர்சன் மறைமாவட்ட ஆயர் லாரன்ஸ் கேசி வெளிப்படையாக ஓர் அறிக்கை விட்டார். ஜோசப் குவின்லனின் முடிவு கத்தோலிக்கப் போதனைப்படி ஒழுக்கரீதியில் சரியானது, அது கருணைக் கொலை ஆகாது என்றார் அவர். தம் மறைமாவட்டத்துக்குள் இருந்த ஒரு கத்தோலிக்க மருத்துவமனை மறுத்துக்கொண்டிருக்கும்போது, ஓர் ஆயர் ஒரு சாதாரணக் குடும்பத்தின் பக்கம் வந்து நின்றார்.

நவம்பர் 10-ஆம் நாள் நீதிபதி ராபர்ட் மியூர் குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில், 1976 மார்ச் 31-ஆம் நாள், நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ரிச்சர்ட் ஹியூஸ், ஆயர் கேசியின் அறிக்கையை நீளமாகவே அதில் சேர்த்தார். சமயத்தைச் சட்டமாக்குவதற்கு அல்ல. ஜோசப் எப்படிப்பட்ட மனசாட்சியோடு இந்த முடிவுக்கு வந்தார் என்பதைக் காட்டுவதற்கு. ஜோசப் மகளின் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். நினைவு திரும்ப நியாயமான வாய்ப்பு இல்லை என்று மருத்துவர்களும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் கருதினால், இயந்திரத்தை அகற்றலாம். யார் மீதும் குற்றம் சாராது என்றது நீதிமன்றம். அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம், இறுதிக்கால சிகிச்சையை முன்கூட்டியே எழுதி மறுக்க அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. சிங்கப்பூரில் 1996-இல் நிறைவேறிய முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் அதில் 'அசாதாரண' உயிர்காப்புச் சிகிச்சை என்ற சொல்லைக் காணலாம். பான்யெஸ் பயன்படுத்திய அதே சொல்.

யாரும் எதிர்பாராதது

1976 மே மாதம் கேரனைச் சுவாச இயந்திரத்திலிருந்து சிறிது சிறிதாக விடுவித்தார்கள். சில நிமிடம், பிறகு சில மணி நேரம், பிறகு முழுமையாக. எல்லாரும் சாவை எதிர்பார்த்திருந்தார்கள். கேரன் தானாகவே மூச்சு விட்டார்!

பத்திரிகைகளின் ஆர்வம் அதோடு மெல்லக் குறைந்தது. வழக்கு முடிந்துவிட்டதே. ஆனால் இந்த வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஜூன் மாதம் மோரிஸ் வியூ என்ற பராமரிப்பு இல்லத்துக்குக் கேரன் மாற்றப்பட்டார்; அதற்கு முன் பல இல்லங்கள் அவரை ஏற்க மறுத்திருந்தன. அங்கே அவர் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். தந்தை ஜோசப் ஏறக்குறைய தினமும் மகளைப் பார்க்கப் போனார். மகள் பதில் பேசமாட்டாள், வந்திருப்பவர் யாரென்று அறியமாட்டாள் என்று தெரிந்தே போனார். தாயும் அப்படியே. தாதியர் மணிக்கு மணி புரட்டிப் படுக்க வைத்தார்கள், குளிப்பாட்டினார்கள், தலை வாரினார்கள்.

தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் உலகம் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு படம்தான்: நீண்ட கூந்தலோடு கேரன் இருக்கும் பள்ளிக்கூடப் படம். அதைப் பார்த்தவர்கள் ஏதோ ஓர் அழகி தூங்குகிறாள் என்றே கற்பனை செய்துகொண்டார்கள். படுக்கையில் கிடக்கும் படத்துக்குப் பெருந்தொகை தர ஆட்கள் வந்தார்கள். குடும்பம் இடம் கொடுக்கவில்லை. மாண்பு என்ற சொல்லை விளக்க எத்தனையோ ஏடுகள் இருக்கின்றன. அந்த மறுப்பு அவற்றில் பலவற்றைவிடத் தெளிவானது.

உணவுக் குழாயையும் எடுத்துவிடலாமே என்று ஜோசப்பிடம் கேட்டவர்கள் உண்டு. அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அது அவளுடைய சாப்பாடு ஆயிற்றே என்றார். சுவாச இயந்திரம் சுமை, உணவு பராமரிப்பு. அந்தக் கோட்டை அவர் தம் மனசாட்சியால் வகுத்துக்கொண்டார். பிற்காலத்தில் கத்தோலிக்க இறையியலாளர்களே இதில் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதிட்டார்கள். 2004 மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், நினைவற்ற நிலையில் இருப்பவருக்குக் குழாய் வழியே உணவும் நீரும் தருவது பொதுவாகச் சாதாரண பராமரிப்பே என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு மார்ச் 31-ஆம் நாள், புளோரிடாவில் உணவுக் குழாய் அகற்றப்பட்ட டெரி ஷியாவோ இறந்தார். இரண்டு நாள் கழித்து திருத்தந்தையும் இறந்தார். உடல் மோசமானபோது மருத்துவமனைக்குத் திரும்பாமல், வத்திகானில் தம் அறையிலேயே. உணவை விடாதே, ஆனால் சாவை எதிர்த்து முடிவில்லாமல் போராட வேண்டியதும் இல்லை என்ற இரண்டும் ஒரே போதனையின் இரண்டு பக்கங்கள் என்பதை விளங்கிக்கொள்ளச் செய்தி பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கேரன் 1985 ஜூன் 11-ஆம் நாள் நிமோனியாவால் இறந்தார். வயது 31. உடல் எடை சுமார் 30 கிலோ.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1980-இல், ஜோசப்பும் ஜூலியாவும் தங்கள் கதையைச் சொன்ன புத்தகத்தாலும் தொலைக்காட்சிப் படத்தாலும் கிடைத்த பணத்தைக் கொண்டு நியூட்டன் நகரில் ஓர் அந்திமகாலப் பராமரிப்பு நிலையம் தொடங்கியிருந்தார்கள். கேரனை முதன்முதலில் கொண்டுபோன மருத்துவமனை இருந்த அதே நியூட்டன். நிலையத்துக்கு மகளின் பெயரை வைத்தார்கள். அப்போது மகள் மோரிஸ் வியூவில் உயிரோடு இருந்தாள்; ஜோசப்பும் அவளைப் பார்க்கப் போய் வந்துகொண்டிருந்தார்.